பதினைந்தாயிரம் ரூபாய் கிட்டாருக்குப் புது பிக்கப் தேவையா?

விலை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினவர்களுக்கு ஒரு கட்டத்தில் பிக்கப், அதாவது ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் அந்தச் சின்னப் பெட்டியை, மாற்றும் அரிப்பு வந்தே தீரும். யூடியூபில் ஒருவர் பழைய பிக்கப்பைக் கழற்றிப் புதியதை மாட்டி, முதலில் இது, அப்புறம் அது என்று வாசித்துக் காட்டுவார், புதியதை வாசிக்கும்போது கொஞ்சம் உற்சாகமாகவே வாசிப்பார், நமக்கு அதோடு நம் கிட்டார் மீதிருந்த பிரியம் பாதி போய்விடும். என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவத்தில் மூன்று சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப், போட்ட ஒரு கிட்டார். பதினைந்தாயிரத்துக்குள் வாங்கியது, கம்பெனி பெயர் இங்கே முக்கியமில்லை. பெயர் பெற்ற பிக்கப் மூன்றை இறக்குமதி விலையில் வாங்கினால் கிட்டத்தட்ட இன்னொரு கிட்டார் வாங்கும் பணம் ஆகிறது. அதனால் ஆர்டர் போடுவதற்கு முன்னால், பிக்கப் மாற்றினால் எது மாறும், எது மாறவே மாறாது என்று உட்கார்ந்து யோசித்தேன். அதைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

பிக்கப்புக்குள் மந்திரம் எதுவும் கிடையாது. காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி அளவுக்கு மெல்லிய எனாமல் பூசிய செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப்புலம் ஆடும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்டது, அவ்வளவுதான். இந்த எளிய சாமானில் விலை குறைந்ததும் விலை கூடியதும் எங்கே பிரிகின்றன என்றால், பெரும்பாலும் காந்தத்தில். பழைய ஸ்ட்ராட் பாணியில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் கீழே ஆல்னிகோவில் செய்த ஒரு சிறு தண்டு இருக்கும், அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம், தண்டே காந்தம். விலை குறைந்ததில் தண்டுகள் வெறும் இரும்பு, அடியில் இரண்டு செராமிக் காந்தப் பட்டைகளை ஒட்டியிருப்பார்கள். கிட்டாரைத் திறந்து பிக்கப்பைத் திருப்பினால் கறுப்பாகத் தெரியும். இதைப் பார்த்ததும் பலருக்கு மனம் உடைந்துவிடுகிறது.

உடைய வேண்டியதில்லை. கடைகளில் தனியாக வாங்கி மாட்டும் பிக்கப் என்ற வியாபாரத்தையே தொடங்கிவைத்த டிமார்ஜியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன், 1972இல் வந்தது, அதில் இருப்பது செராமிக் காந்தம். மெட்டல் இசைக்காரர்கள் தலையில் வைத்து ஆடும் இஎம்ஜி 81 பிக்கப்பிலும் செராமிக்தான். அதனால் செராமிக் என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்மையில் இருக்கிறது: காயிலுக்கு நடுவே இரும்புத் தண்டு நிற்கும்போது அதன் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் குணம்) ஏறும், இரும்புக்குள் சுழல் மின்னோட்டமும் கொஞ்சம் ஓடும். விளைவாக, உச்சத்தில் வரும் அந்தக் கண்ணாடித்தனம் சற்று மழுங்கும். நல்ல ஆல்னிகோ ஸ்ட்ராட் பிக்கப்பில் கேட்கும் மினுமினுப்பு என் கிட்டாரில் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான், பிக்கப்பைச் செய்தவர்களின் அலட்சியம் இல்லை.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கு. பிக்கப் தனியாக வேலை செய்வதில்லை. அதன் இண்டக்டன்ஸும், அதோடு சேரும் கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்) சேர்ந்து ஒரு ஒத்ததிர்வு உண்டாக்குகின்றன, அந்த அலைவெண்ணுக்குப் பக்கத்தில் ஒலி சற்று மேடாகும், அதற்கு மேல் சரிந்துவிடும். அந்த மேடு எங்கே விழுகிறது என்பதில்தான் ஒரு பிக்கப்பின் குணம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. ஸ்ட்ராட் வகை பிக்கப்புக்கு 2.4 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். சாதாரண கிட்டார் கேபிளில் மீட்டருக்கு சுமார் 100 பிகோஃபாரட் இருக்கும். பிக்கப்புக்குள்ளேயே ஒரு 100 இருக்கிறது என்று வைத்தால், 3 மீட்டர் கேபிளில் மேடு 5100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் விழும். அதே கிட்டாரில் 6 மீட்டர் கேபிள் மாட்டினால் 3900க்கு இறங்கிவிடும். கேபிளை மட்டும் மாற்றினோம், வேறு எதையும் தொடவில்லை! இரண்டு பிராண்டு பிக்கப்புக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் பல சமயம் இதைவிடக் குறைவு. கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பயன்படுத்திய சுருள் கேபிள்கள் உச்சத்தை நன்றாகவே விழுங்கக்கூடியவை, அவர் அதற்காகக் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

அடுத்தது வால்யூம் குமிழுக்குக் கீழே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர், சுருக்கமாக பாட். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், இரண்டு சுருள் உள்ள ஹம்பக்கர் வகை பிக்கப்புக்கு 500 என்பது வழக்கம். பாட்டின் மதிப்பு குறைந்தால் மேடு தட்டையாகும், கூடினால் துருத்தும். இதில் வேடிக்கை என்னவென்றால், சாதாரண பாட்களுக்கு 20 சதவீதம் வரை முன்னே பின்னே அனுமதி உண்டு, அதாவது 250 என்று அச்சிட்டது 200 ஆகவும் இருக்கலாம், 300 ஆகவும் இருக்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது. கிட்டார் குமிழ் பொருந்தும் தண்டு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும், அது மட்டும்தான் கொஞ்சம் அலைச்சல்.

மல்டிமீட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. பிக்கப் விளம்பரங்களில் 6.2 கே, 8 கே, 16 கே (கே என்றால் கிலோ ஓம்) என்று ஒரு எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். அது டிசி ரெசிஸ்டன்ஸ், கம்பியின் நீளமும் தடிமனும் சொல்வது, அவ்வளவே. மெல்லிய கம்பி சுற்றினால் சுற்று கூடாமலே அந்த எண் ஏறிவிடும். செம்பின் தடை வெப்பத்தோடும் ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம், அதனால் 20 டிகிரியில் 7.0 கே காட்டும் பிக்கப் நம் ஊர் 35 டிகிரியில் 7.4 காட்டும். மே மாதத்தில் பிக்கப் சூடானது என்று சந்தோஷப்படலாம். அந்த எண்ணால் எனக்குத் தெரிந்து உருப்படியான உபயோகம் ஒன்றுதான்: பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். மீட்டர் எதுவும் காட்டாமல் நின்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, அப்போது கேள்விக்கே இடமில்லை, மாற்ற வேண்டியதுதான்.

பணம் செலவழிக்காமல் செய்யக்கூடியவற்றில் முதல் இடம் பிக்கப்பின் உயரத்துக்கு. புதுக் கிட்டார் பெட்டியிலிருந்து வரும்போது உயரம் எப்படி வேண்டுமானாலும் இருக்கும், யாரும் பொறுமையாக வைத்து அனுப்புவதில்லை. கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்து, ஸ்ட்ரிங்கின் அடிப்பகுதிக்கும் தண்டின் தலைக்கும் இடைவெளி பார்க்க வேண்டும். ஃபெண்டர் தன் சாதாரண சிங்கிள் காயில்களுக்குச் சொல்லும் தொடக்க அளவு தடித்த ஸ்ட்ரிங் பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 1.6. அங்கிருந்து காதை நம்பித் திருக வேண்டியதுதான். கழுத்தை ஒட்டிய நெக் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்கினால் அதன் கொழகொழப்பு தெளிந்துவிடுகிறது. மறுமுனையில் ஸ்ட்ரிங் உட்காரும் பிரிட்ஜை ஒட்டிய பிரிட்ஜ் பிக்கப்பை அரை மில்லி ஏற்றினால் சன்னமான சத்தத்துக்குச் சதை பிடிக்கிறது. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு அரை மணி நேரம். இதைச் செய்யாமல் பிக்கப் மாற்றினவர்கள், புதியதை மாட்டும்போது உயரத்தையும் சேர்த்தே சரிசெய்துவிட்டு, முழுப் பெருமையையும் புது பிக்கப்புக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம். புது ஸ்ட்ரிங்கும் அன்றைக்குத்தான் மாட்டியிருப்பார்கள். கடற்கரை ஊர்களில் வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து ஸ்ட்ரிங்கை எவ்வளவு சீக்கிரம் செத்துப்போக வைக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதில் செருகுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கிட்டாரை ஹோம் தியேட்டரிலோ லேப்டாப்பின் லைன் துளையிலோ நேராகச் செருகிவிட்டு சத்தம் மந்தமாக இருக்கிறது என்று பிக்கப்பைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிட்டார் ஆம்பின் உள்வாயில் சுமார் 1 மெகா ஓம் தடை இருக்கும், லைன் உள்வாய்களில் சாதாரணமாக 10 கிலோ ஓம் மாதிரிதான். அந்தச் சுமையில் மேலே சொன்ன மேடு மொத்தமாகப் படுத்துவிடும், எத்தனை ஆயிரம் கொடுத்து பிக்கப் வாங்கினாலும் போர்வைக்குள்ளிருந்து வருவது போலத்தான் வரும். கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் கிட்டார் படம் போட்ட ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தியிருக்கிறோமா என்று ஒருமுறை பாருங்கள். ஆறு அங்குல ஸ்பீக்கர் வைத்த குட்டி ஆம்பில் வாசிப்பவர்களுக்கு அந்த ஸ்பீக்கர்தான் பெரிய மாற்றம். பிக்கப்புக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு நல்ல இன்டர்ஃபேஸ், கணினியிலேயே ஆம்பின் சத்தம் தரும் ஆம்ப் சிமுலேட்டர், ஹெட்ஃபோன் என்று போனால் கிடைக்கும் வித்தியாசம் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும், அவருக்குத் தெரியாமலும் இருக்கும், ஹெட்ஃபோன்தானே.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு இருந்த குறைகள் இரண்டு. பிரிட்ஜ் பிக்கப் காதைக் குத்துகிறது, டிஸ்டார்ஷன் (சத்தத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) கூட்டினால் உறுமல் தாங்க முடியவில்லை. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்ததில்தான் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு.

குத்தலுக்கு மருந்து ஒரு துண்டு ஒயர். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரிலிருந்தே வழக்கமான ஒயரிங்கில் இரண்டு டோன் குமிழ்கள், ஒன்று நெக்குக்கு, ஒன்று நடுவுக்கு. பிரிட்ஜுக்கு எதுவும் கிடையாது. உள்ளதிலேயே கூர்மையான பிக்கப்புக்கு டோன் குமிழ் இல்லை, இன்றைக்கு விற்கும் பல நகல்களும் அதே ஒயரிங்கோடுதான் வருகின்றன. எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சின் இரண்டாவது வரிசையில் பிரிட்ஜுக்கான முனை காலியாக இருக்கும், பக்கத்தில் நடு பிக்கப்பின் டோன் முனை இருக்கும், இரண்டையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்துவிட்டால் நடு டோன் குமிழ் பிரிட்ஜையும் கட்டுப்படுத்தும். பத்து ரூபாய் ஒயர், ஒரு 25 வாட் சால்டரிங் அயர்ன். குமிழைப் பத்திலிருந்து ஏழுக்கு இறக்கினால் குத்தல் போய்விட்டது. மூன்று பிக்கப் வாங்கும் யோசனையில் பெரிய பங்கு அங்கேயே கரைந்தது.

மீதி சந்தேகத்துக்கு இன்னொரு சோதனை செய்தேன், இதை எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். கிட்டாரை எந்த எஃபெக்டும் இல்லாமல் நேராகக் கணினியில் பதிவுசெய்து, ஆம்ப் சிமுலேட்டருக்கு முன்னால், அலைவெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஈக்வலைசர் போட்டு, 4000 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மேட்டை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஏற்று, இடதுபக்கம் தள்ளு, வலதுபக்கம் தள்ளு. மனதில் இருக்கும் சத்தம் அங்கே கிடைத்துவிட்டால் உங்களுக்கு வேண்டியது ஈக்வலைசர் பெடல், அல்லது ஒன்றுமே வேண்டாம். அதிக அவுட்புட் பிக்கப் தருவதும் ஏறக்குறைய ஒரு பூஸ்ட் பெடல் தருவதுதான், ஆம்பை முன்கூட்டியே திணற வைக்கும். எனக்கு சுத்தமான டோன்களில் வேண்டியது ஈக்வலைசரிலேயே கிடைத்தது. இன்னொன்றையும் கவனியுங்கள், ஸ்ட்ரிங்கின் எந்த இடத்துக்குக் கீழே பிக்கப் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து எந்த ஓவர்டோன் (மூல சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரம்) வரும், எது வராது என்பது முடிவாகிறது. நெக் பக்கம் உருண்டையாகவும் பிரிட்ஜ் பக்கம் கூர்மையாகவும் இருப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம். புது பிக்கப்பும் அதே ஓட்டையில்தான் உட்காரப் போகிறது. (மரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, ஆரம்பித்தால் விடிந்துவிடும்.)

ஆனால் உறுமல் வேறு விஷயம். ஈக்வலைசரால் அதைத் தொட முடியாது. சிங்கிள் காயில் ஒரு சுருள், சுற்றிலும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம், சுருள் தன் வேலையைச் செய்கிறது, ஸ்ட்ரிங்கையும் பிடிக்கும், டிரான்ஸ்ஃபார்மரையும் பிடிக்கும். இதற்காகத்தான் கிப்ஸனில் இருந்த செத் லவர் இரண்டு சுருளை எதிரெதிர்த் திசையில் சேர்த்து ஹம்பக்கர் செய்து 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1957இல் கிட்டார்களில் ஏறியது. முதலில் வீட்டைக் குற்றம் சாட்டிப் பார்க்கலாம். ஃபேன் ரெகுலேட்டர் டிம்மர் வகையாக இருந்தால் அதைப் பாதியில் வைக்கும்போது ‘டர்ர்’ என்று ஒரு கிறீச்சல் வரும், முழு வேகத்தில் வைத்தாலோ அணைத்தாலோ குறையும். ஆம்பிலிருந்து ஓரடி தள்ளி உட்கார்ந்து கிட்டாரைக் கொஞ்சம் திருப்பினால் கணிசமாக இறங்கும் ஒரு கோணம் உண்டு. எர்த் சரியில்லாத பிளக் பாயிண்டைச் சரிபார்க்க வேண்டும், இது சத்தத்துக்காக மட்டும் இல்லை, உயிருக்காகவும். கிட்டாருக்குள் செம்பு டேப் ஒட்டும் வழக்கம் இருக்கிறது, அது டர்ரை நன்றாகக் குறைக்கும், ஆனால் அடித்தளத்தில் இருக்கும் அந்த ‘ம்ம்ம்’ காந்தப்புலத்தால் வருவது, மெல்லிய செம்புத் தகடு அதைத் தடுக்காது. டேப் ஒட்டியும் உறுமுகிறதே என்று புலம்புபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆக எனக்குப் பிக்கப் மாற்ற ஒரு நியாயமான காரணம் மிஞ்சியது, அதுவும் பிரிட்ஜில் மட்டும். கனமான டிஸ்டார்ஷன் நான் போடுவது அங்கேதான். சிங்கிள் காயில் ஓட்டைக்குள்ளேயே உட்காரும், தனித்தனித் தண்டுகளுக்குப் பதில் நீளமான பட்டை வைத்த ரெயில் வகை ஹம்பக்கர் ஒன்று போதும், சீமோர் டங்கனின் ஹாட் ரெயில்ஸ் மாதிரி. அதிலும் செராமிக் காந்தம்தான், சிரித்துக்கொண்டேன். மூன்று வாங்குவதற்குப் பதில் ஒன்று, செலவு மூன்றில் ஒரு பங்கு.

இதில் ஒரு இழப்பும் உண்டு, வீடியோக்களில் யாரும் சொல்வதில்லை. என் கிட்டாரின் நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றியது, அதனால் சுவிட்சின் இரண்டாவது, நான்காவது நிலைகளில் இரண்டு பிக்கப் சேரும்போது உறுமல் தானாகவே அடங்கும். (உங்களுடையது அப்படியா என்று தெரிய, சுவிட்சை அங்கே வைத்துக் காது கொடுத்தால் போதும்.) பிரிட்ஜில் ஹம்பக்கர் வந்துவிட்டால், அதோடு நடு பிக்கப் சேரும் நிலையில் நடுவின் உறுமலை ரத்து செய்ய ஆள் இருக்காது, அந்த நிலை கொஞ்சம் உறும ஆரம்பிக்கும். நான்கு ஒயர் உள்ள ரெயிலாக இருந்தால் அந்த நிலையில் மட்டும் ஒரு சுருளை அணைக்கிற மாதிரி ஒயரிங் செய்யலாம், அதற்குச் சுவிட்சும் தோதானதாக வேண்டும். எனக்கு நெக்கும் நடுவும் சேரும் நான்காவது நிலைதான் அதிகம் தேவை என்பதால் இதை விட்டுவிட்டேன்.

மூன்றையும் மாற்றலாமா என்று கேட்கும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது கிட்டாரின் கழுத்து பிடித்திருக்கிறதா என்று. பிடித்திருந்தால், ஃப்ரெட்கள் சமமாக இருந்தால், டியூனிங் நின்றால், செலவு செய்வதில் தப்பில்லை, அந்தக் கிட்டாரைப் பத்து வருஷம் வைத்துக்கொள்ளலாம். கழுத்தே கையில் உறுத்துகிறது, கழுத்தின் மேல்முனையில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் நட் சரியாக வெட்டாததால் முதல் ஃப்ரெட்டில் சுருதி ஏறுகிறது என்றால் அந்தப் பணம் முதலில் ஒரு நல்ல செட்டப்புக்குப் போக வேண்டும். அதற்கும் மேல் ஆசை இருந்தால், பிக்கப் செட்டின் விலையையும் இருக்கிற கிட்டாரை விற்றால் வரும் பணத்தையும் கூட்டிப் பாருங்கள். யமஹா பசிஃபிகா 112விலோ ஸ்கொயர் கிளாசிக் வைபிலோ ஆல்னிகோ பிக்கப் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது, பசிஃபிகாவில் பிரிட்ஜில் ஹம்பக்கரும் இருக்கிறது. பழைய கிட்டாரை விற்கும்போது வாங்குகிறவர் நீங்கள் மாட்டிய பிக்கப்புக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க மாட்டார். கழற்றிய பழையதை பத்திரமாக வைத்திருந்தால் திருப்பி மாட்டிவிட்டு விற்கலாம்.

வாங்குவது என்று முடிவு செய்தவர்களுக்கு இரண்டு விஷயம். மாட்டுவதற்கு முன்னால் தண்டுகளுக்கு இடையிலான அகலத்தை அளந்துகொள்ளுங்கள், முதல் ஸ்ட்ரிங்கிலிருந்து ஆறாவது வரை, பழைய ஸ்ட்ராட் அளவும் இப்போதைய நகல்களின் அளவும் ஒன்றாக இருப்பதில்லை, பிளாஸ்டிக் மூடியின் ஓட்டைகள் பொருந்தாமல் போகும். ரெயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, ஒரு பிக்கப்பை மட்டும் மாற்றும்போது மற்றதோடு சேர்த்து வாசித்தால் சத்தம் மூக்கடைத்த மாதிரி மெலிந்து போனால் பயப்பட வேண்டாம், பிக்கப் கெட்டுப்போகவில்லை, ஃபேஸ் எதிராக விழுந்திருக்கிறது, அதாவது இரண்டின் அலைகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன. புதியதன் ஹாட் (சிக்னல் வரும் ஒயர்), கிரவுண்ட் ஒயர்களை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். அதில் தனியாக ஒரு வெறும் ஷீல்டு ஒயர் இருந்தால் அது மட்டும் எப்போதும் கிரவுண்டில்தான் இருக்க வேண்டும். நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: சீமோர் டங்கனில் கறுப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்ற வேண்டும். டிமார்ஜியோவில் சிவப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், கறுப்பும் வெள்ளையும் சேரும். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை சால்டர் செய்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எனக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள்.